குழுவேலை ஏன் சந்தைக்கடை ஆகிறது? மொரீஷியஸ் தமிழ் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, நடுவில் ஒரு சார்ட் தாளும் வண்ணப் பெட்டியும் வைத்து, "எல்லோரும் சேர்ந்து தைப்பூசக் காவடி வரையுங்கள்" என்று சொல்லிவிட்டால் அது குழுவேலை ஆகிவிடாது. நன்றாக வரையத் தெரிந்த பிள்ளை வரையும். இன்னொன்று மயிலிறகுக்கு வண்ணம் தீட்டும். மற்ற இரண்டும் பென்சில் சீவிக்கொண்டிருக்கும். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலையை நான்கு பேரிடம் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும்.

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் வெளியிட்ட முடிவு வேறு: ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது. வகுப்பிலும் இதுதான் கதை. ஆறு பேர் குழுவில் இரண்டு பேராவது வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு பேர் போதும். எண்ணிக்கை சரியாகப் பிரியாவிட்டால் ஐந்தைவிட மூன்று நல்லது. தமிழ்ப் பாடத்துக்கென்று பல பிரிவுகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் வகுப்பில் ஏழு பேர்தான் இருந்தால், நான்கும் மூன்றுமாகப் பிரியுங்கள். ஏழு பேரை ஒரே வட்டமாக உட்காரவைப்பது குழு அல்ல, சின்ன வகுப்பு.

முதலில் கவனிக்க வேண்டியது யாரிடம் என்ன கொடுக்கிறோம் என்பதைத்தான். எல்லோரிடமும் எல்லாம் இருந்தால் பேச வேண்டிய தேவையே இல்லை. அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறையின் அடிப்படை இதுதான்: பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடு, ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது.

மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு தெரியும். அதை வைத்து மூன்றாம், நான்காம் வகுப்புக்கு ஒரு புதிர். இலைப் படத்தில் வரிசையாக ஐந்து வட்டம் போடுங்கள். கத்தரி, பலா, பூசணி, கீரை, வாழைக்காய் என ஐந்து படத்துண்டுகள். ஆளுக்கு ஒரு துணுக்குச் சீட்டு:

பூசணி நடுவில் இருக்கிறது.
இடது ஓரத்தில் இருப்பது வாழைக்காய் அல்ல.
பலா, பூசணிக்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கிறது.
கீரை, பூசணியை ஒட்டி இருக்கிறது.

இடமிருந்து வலமாக விடை: கத்தரி, பலா, பூசணி, கீரை, வாழைக்காய். நான்கில் எந்தச் சீட்டை எடுத்துவிட்டாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விடை வந்துவிடும்; அதனால் யாரையும் ஒதுக்க முடியாது. புதிய புதிர் எழுதும்போதும் இதையே சோதியுங்கள். ஒவ்வொரு சீட்டாக மறைத்துவிட்டு, மிச்சத்தை வைத்து விடை காண முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தச் சீட்டு வெறும் அலங்காரம்; அது கையில் இருக்கும் பிள்ளையும் அப்படித்தான்.

புதிர் நன்றாக இருந்தும் நடத்தும்போது கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, சீட்டை மேசைமேல் வைத்துவிடுவார்கள். வேகமாக வாசிக்கும் பிள்ளை நான்கையும் வாரிக்கொண்டு தனியாக முடித்துவிடும். சீட்டு கையை விட்டு இறங்கக் கூடாது, காட்டக் கூடாது, வாசித்துத்தான் சொல்ல வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்துக்கூட்ட இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு, தொடங்குவதற்கு முன்பே அதன் சீட்டை ஒருமுறை உடனிருந்து வாசித்துக் கொடுங்கள். மற்றது, "முதலில் முடிக்கும் குழுவுக்குச் சாக்லேட்" என்ற அறிவிப்பு. பரிசு என்று சொன்ன கணமே, மெதுவாக வாசிக்கும் பிள்ளை குழுவுக்குப் பாரமாகிவிடுகிறது. ஐந்தாவது ஆள் இருந்தால் அவருக்குச் சீட்டு வேண்டாம். படத்துண்டுகளைத் தொட்டு வைக்கும் உரிமை அவருக்கு மட்டும். மூன்று பேரானால் நன்றாக வாசிப்பவர் கையில் இரண்டு சீட்டு.

இனி கிரியோல், அதாவது மொரீஷியஸில் பெரும்பாலோர் பேசும் பிரெஞ்சுவழி மொழி. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள் குழுவில் உட்கார்ந்ததும் "மெத் லி இசி" (இதை இங்கே வை) என்றுதான் ஆரம்பிப்பார்கள். "தமிழில் மட்டும் பேசு" என்று அதட்டினால் வகுப்பு அமைதியாகிவிடும். அது தமிழ் வந்துவிட்ட அமைதி அல்ல, வாயடைத்த அமைதி. யோசிப்பது எந்த மொழியிலும் இருக்கட்டும். சீட்டு வாசிப்பதும் கடைசியில் விடை சொல்வதும் தமிழில் இருக்கட்டும். நடுவே கட்டாயம் தேவைப்படும் ஐந்தாறு வாக்கியங்களை அட்டையில் எழுதி மேசை நடுவில் நிறுத்துங்கள்: "இங்கே வை." "அங்கே வை." "இன்னொரு தரம் சொல்லு." "எனக்குப் புரியலை." "மாத்தி வைக்கலாமா?" "நீ என்ன நினைக்கிறே?" வாக்கியங்கள் பேச்சுத் தமிழிலேயே இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் தோழனிடம் எட்டு வயதுப் பிள்ளை "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் அது நாடக வசனம். (இதை ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்கள் உண்டு, அவர்கள் வகுப்பில் அட்டை மட்டும் நன்றாக நிற்கும்.) ஒரே நாளில் ஆறையும் எதிர்பார்க்க வேண்டாம். முதல் வாரம் "இங்கே வை", "அங்கே வை" இரண்டும் ஓடினாலே போதும்.

பொறுப்புப் பிரிப்பதில் வழக்கமான தவறு "தலைவர்" என்று ஒருவரைப் போடுவது. தலைவர் என்ன செய்வார்? அதட்டுவார். பட்டம் கொடுக்காமல் செயலைக் கொடுங்கள்: வைப்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், "எல்லோரும் பேசியாச்சா?" என்று கேட்பவர். ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து அழகான பிள்ளைக்கே வருடம் முழுக்கப் பேனா. எல்லோரும் எழுத வேண்டிய வேலையானால் ஆளுக்கு ஒரு நிறப் பேனா கொடுங்கள். தாளைப் பார்த்ததுமே பச்சை எங்கும் இல்லை என்பது தெரிந்துவிடும்.

கைவேலை என்றால் பொருளைக் கடைசியில் கொடுங்கள். கத்தரிக்கோல் கைக்கு வந்தபின் யாரும் காது கொடுப்பதில்லை. விளக்கம், ஒரு பிள்ளை அதைத் திருப்பிச் சொல்வது, பிறகு பொருள் என்பதே வரிசை. முடித்த மாதிரியைக் காட்டாதீர்கள். ஆறு குழுவும் அதையே நகலெடுக்கும். தண்ணீர்ப் பசை தாளைச் சுருட்டும், மேட்டுநகரமான கியூர்பிப்பின் மழைக்காலத்தில் பாடவேளைக்குள் காயாது. பசைக்குச்சியோ டேப்போ போதும்.

தாள்பாலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு புத்தகங்களை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து, மேலே ஒரு ஏ4 தாள். எத்தனை ஒரு ரூபாய்க் காசு தாங்கும்? தட்டையாக வைத்தால் தாள் தொய்ந்து காசோடு சரியும். நீளவாக்கில் 1 செ.மீ. அகலத்தில் விசிறிபோல் மடித்து வைத்தால் பல காசுகளைத் தாங்கும். மடிப்பின் உயரம்தான் வளைவைத் தடுக்கிறது. இதை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டால் அது குழுவேலை அல்ல, மடிப்புப் பயிற்சி. தாளைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தைப் பேசாமல் எழுதட்டும். அப்போதுதான் சத்தமாகப் பேசும் பிள்ளையின் எண்ணே குழுவின் எண்ணாகிவிடாது. குழுவுக்கு மூன்று தாள் கொடுங்கள். ஒன்றே கொடுத்தால் கிழிந்துவிடும் என்ற பயத்தில் யாரும் எதையும் முயல மாட்டார்கள். ஈரக்காற்றில் கிடந்த தாள் துவண்டுவிடும், புதுக்கட்டிலிருந்து எடுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லும் வேலையில் இன்னொரு பொறி இருக்கிறது. மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கிறது; 100 ரூபாய்த் தாளில் தமிழ் வம்சாவளி அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் படம் இருக்கிறது. 25, 50, 100, 200 என்று ஆளுக்கொரு தாளைப் பார்த்துத் தமிழ் எழுத்தை எழுதி வரச் சொல்வது அருமையான வேலைதான். ஆனால் ஒரு பிள்ளை வராத நாளில் குழு முடங்கும். ஒவ்வொரு தொகையையும் நீங்களும் எழுதி உறையில் வைத்திருங்கள்.

நேரத்தை விழுங்குவது கடைசிக் கட்டம். ஆறு குழுக்கள் ஐந்து நிமிடம் வீதம் முன்னால் வந்து பேசினால் அரை மணி போய்விடும். அதில் 25 நிமிடம் ஒவ்வொரு குழுவும் சும்மா உட்கார்ந்திருக்கும். குழுவில் இருவர் மேசையில் நின்று விளக்கட்டும், மற்ற இருவர் அடுத்த மேசைக்குப் போய்ப் பார்த்து வரட்டும். இரண்டு நிமிடத்தில் மணி அடித்து ஆள் மாற்றுங்கள்.

மதிப்பெண்ணைக் குழுவுக்கு மொத்தமாகப் போடாதீர்கள். ஆறாம் வகுப்பு முடிவில் பிஎஸ்ஏசி என்ற தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்த் தேர்வைப் பிள்ளை தனியாகத்தான் எழுதப்போகிறது, பெற்றோரும் அதைத்தான் கேட்பார்கள். குழுவில் செய்ததை மறுநாள் தனித்தனியாகச் சோதியுங்கள். அதே ஐந்து கறி, புதிய துணுக்குகள்: பலா நடுவில், கத்தரி அதற்கு இடப்பக்கம் ஒட்டி, பூசணி பலாவை ஒட்டி, வலது ஓரத்தில் கீரை இல்லை. கீரை, கத்தரி, பலா, பூசணி, வாழைக்காய் என்று வர வேண்டும். விடை வராத பிள்ளை முந்தைய நாள் எந்தக் குழுவில், என்ன பொறுப்பில் இருந்தது என்று பாருங்கள். அடுத்த முறை அதற்குத் தர வேண்டியது, விடைக்கு எல்லோரும் முதலில் கேட்டாக வேண்டிய "நடுவில்" சீட்டு.