விடிய வெளிக்கிடுறீங்களா? பின்னேரமே போனைப் பாருங்கோ

நாளைக்கு விடிய யாழ்ப்பாணத்தில இருந்து மன்னார்ப் பக்கம் பயணமெண்டால், போன் வேலையை இண்டைக்குப் பின்னேரமே முடிச்சுவிடுங்கோ. படுக்கப்போற நேரத்தில 'அப்டேட் செய்யவா?' எண்டு கேட்டால் வேண்டாமெண்டு விடுங்கோ. அது எங்கயும் ஓடிப்போகாது, வந்து செய்யலாம்.

முக்கியம் மேப்தான். ஏ32 வீதியில சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிக்கு அங்கால சிக்னலை நம்பிப் போகாதேங்கோ. கூகுள் மேப்ஸில மேல் மூலையில இருக்கிற உங்கட படத்தை அழுத்தினால் 'ஆஃப்லைன் மேப்ஸ்' வரும். அதுக்குள்ள மேப்பில எந்த இடம் வேணுமெண்டு காட்டுற கட்டத்தை மன்னார் வரை இழுத்து, வீட்டு வைஃபையிலயே இறக்குங்கோ. பிறகு டேட்டாவையும் வைஃபையையும் நிப்பாட்டிப்போட்டு ஒருக்கால் வழி தேடிப் பாருங்கோ. வந்தால் சரி. ஆஃப்லைனில நெரிசல் விபரம் காட்டாது. அந்த றோட்டில நெரிசலை விட மாட்டுக்குத்தான் பயப்பிட வேணும்.

கார்த் திரையில போன் வரேல்லையா? செட்டிங்ஸைக் கிண்ட முதல் கேபிளை மாத்துங்கோ. மலிவான சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா கடத்தாது.

முன் கண்ணாடியில வெயில் படப் போனை மாட்டினால் சூடேறி, சார்ஜ் ஏறுறதே நிண்டுபோகும். ஏசி காத்து வாற இடத்தில மாட்டுங்கோ. திருக்கேதீச்சரத்தில இறங்கேக்க பவர் பேங்கைப் பூட்டின காருக்குள்ள வேகவிடாமல் கைப்பையில போட்டுக்கொண்டு போங்கோ.