உலக முடிவு பார்க்க வேண்டுமென்றால் விடியமுன் புறப்படுங்கள்

வெளிநாட்டிலிருந்து குடும்பமாக ஊருக்கு வருகிறவர்கள், நல்லூர், கலியாண வீடு, சொந்தக்காரர் என்று யாழ்ப்பாணத்தில் இரண்டு கிழமை ஓடியபின், "பிள்ளைகளுக்கு மலைநாட்டையும் காட்டுவோம்" என்று நுவரெலியாவுக்கு வான் பிடிப்பார்கள். அப்படிப் போனால் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மத்தியானம் சரிவராது.

அங்கே உலக முடிவு என்கிற இடத்தில் தரை சட்டென்று முடிந்து, ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்துக்கு மலை செங்குத்தாக இறங்குகிறது. வானம் வெளித்திருந்தால் கீழே நன்பேரியல் தேயிலைத் தோட்டமும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகள் வெயிலில் மினுங்குவதும் தெரியும். ஆனால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் புகார், அதாவது மூடுபனி, மேலேறிவிடும். முதல் தடவை போனபோது மாமி தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிடமாட்டேன் என்றுவிட்டா. பத்தரைக்கு விளிம்பில் நின்றோம். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. "இதுக்கோ இவ்வளவு தூரம் நடந்தனாங்கள்?" என்று மாமியே கேட்டா.

ஆகவே முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்குங்கள். ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை தடைப்படுவதுண்டு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு முன்பே வான் கிளம்பினால், அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பூங்கா வாசல் திறக்கும் ஆறு மணியை ஒட்டிப் போய்ச் சேரலாம். சாரதியிடம் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே விலை பேசுங்கள். தை முதல் பங்குனி வரை மழை குறைவு. ஆனால் தை மாத விடியலில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. கனடாக் குளிரைப் பார்த்தவர்கள் என்று ஜக்கெற்றை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல மடங்கு அதிகம். தமிழிலோ சிங்களத்திலோ பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அங்கே அடையாள அட்டைதான் பேசும். இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூட உரித்து வாங்கிவிடுவார்கள். பிஸ்கற்றையும் சீனிச்சம்பல் பாணையும் முதலிலேயே கடதாசிப் பையிலோ டப்பாவிலோ போட்டு வைத்தால் குளிரில் நின்று பிரிக்கத் தேவையில்லை. இந்தக் கண்டிப்பு வீண் கெடுபிடி அல்ல. வாகனம் நிறுத்துமிடத்துக்கே வந்து நிற்கும் மரைகள் (பெரிய மான்கள்) பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் அவற்றுக்குத் தீனி கொடுக்கவேண்டாம்.

நடை ஒரு வட்டப் பாதை. ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், ஆறுதலாக நடந்தால் மூன்று, மூன்றரை மணி நேரம். முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது, திரும்பும்போது பேக்கர் அருவி. பலர் அருவிக்கு முதலில் போய் நேரத்தை விட்டுவிடுவார்கள். அருவி எங்கும் ஓடிவிடாது, புகார்தான் காத்திராது. பாதையில் கல்லும் வேரும் சேறும் உண்டு, சறுக்காத சப்பாத்து போடுங்கள். முழங்கால் வருத்தக்காரரை வற்புறுத்தாதீர்கள். அவர்கள் தொடக்கத்திலுள்ள புல்வெளியில் கொஞ்சத் தூரம் நடந்தாலே போதும். சமவெளியே 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடலாம். பின்னேரம் சீதா எலியாவிலுள்ள சீதையம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தால், மாற்று உடுப்பும் ஒரு சோடிச் செருப்பும் வானிலேயே இருக்கட்டும். சேற்றுச் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும்.