சிமுலிங்கில் ஓசி, எஸ்சி டெஸ்ட்: 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை வைத்து

பல்லடம், சோமனூர் தறிக்கூடங்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பழக்கமான 11 கே.வி./433 வோல்ட் வகையில் 250 கே.வி.ஏ., டிஒய்என்11 (எச்.டி., அதாவது 11 கே.வி. பக்கம் டெல்டா; எல்.டி., அதாவது 433 வோல்ட் பக்கம் நியூட்ரலோடு ஸ்டார், 30 டிகிரி முந்தும்) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் அதற்கு ஓசி (ஓப்பன் சர்க்யூட்), எஸ்சி (ஷார்ட் சர்க்யூட்) டெஸ்ட் செய்து இரும்பு இழப்பையும் செம்பு இழப்பையும் அளப்போம். இரும்பு இழப்பு 500 வாட், முழு லோடில் செம்பு இழப்பு 3000 வாட், இம்பீடன்ஸ் 4.5 சதவீதம், நோ-லோடு கரண்ட் 2 சதவீதம் என்பவை கணக்குக்காக வைத்தவை. உங்களிடம் டெஸ்ட் சர்டிஃபிகேட் இருந்தால் அதிலுள்ள எண்களையே போடுங்கள்.

இரண்டு வைண்டிங் உள்ள த்ரீ-ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் பிளாக்கைப் பெர் யூனிட்டில், அதாவது முழு லோடு அளவின் பங்காக, நிரப்புங்கள். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் இரு பக்கமும் 0.006, லீக்கேஜ் இண்டக்டன்ஸ் 0.0217. காந்தமாக்கும் கிளையில் ரெசிஸ்டன்ஸ் 500, இண்டக்டன்ஸ் 50.2. பிளாக்குகளில் 60 ஹெர்ட்ஸ் இருந்தால் எல்லாவற்றிலும் 50 ஆக்குங்கள். ஆர்எம்எஸ் பிளாக்கில் ஒன்று விட்டுப்போனாலும் ரீடிங் நிலையாக நிற்காது. எச்.டி. பக்கத்துக்கு டெல்டா டி1தான் (ஸ்டாரைவிட 30 டிகிரி பிந்துவது) சரி. பெயரில் 11 இருப்பதால் டி11-ஐத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அங்கே ஸ்டாரைவிட டெல்டா 30 டிகிரி முந்தும், கிடைப்பது டிஒய்என்1. வாட் மீட்டரில் இந்தப் பிழை தெரியாது. பின்னால் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரோடு பேரலல் போடும்போதுதான் வெளிப்படும்.

ஓசி டெஸ்டுக்கு எல்.டி. பக்கம் 433 வோல்ட் கொடுத்து எச்.டி.யைத் திறந்து விடுங்கள். சோர்ஸின் உள் இம்பீடன்ஸை எடுத்துவிட வேண்டும், எல்.டி. பக்கத்தின் பேஸ் இம்பீடன்ஸே (பெர் யூனிட்டில் 1 என்பதன் ஓம் மதிப்பு) 0.75 ஓம்தான், ஒரு ஓம் தொடரில் நின்றாலும் வோல்டேஜ் இறங்கிவிடும். வர வேண்டியது 6.67 ஆம்பியர், 500 வாட், பவர் ஃபேக்டர் 0.1. இரண்டு வாட் மீட்டர் முறையில் ஒன்று 1686, மற்றது மைனஸ் 1186 காட்டும். மைனஸைப் பார்த்து ஒயரை மாற்றாதீர்கள், கூட்டினால் சரியாக வரும்.

620 வாட் வந்தால் எச்.டி. முனைகளைப் பாருங்கள். மிதக்கும் டெல்டாவுக்கு எர்த் ஆதாரம் தர ஃபேஸுக்கு 1 மெகாஓம் போடுவது வழக்கம், 11 கே.வி.யில் மூன்றும் சேர்ந்து 121 வாட் தின்னும். 100 மெகாஓம் போட்டால் 1.2 வாட்தான்.

கரண்ட் அலை ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், சிமுலேஷன் ஓடும்போது நடுவில் பிரேக்கரை மூடியிருப்பீர்கள், அல்லது தொடக்க நிலை ஜீரோவில் இருக்கும். காந்தமாக்கும் கிளையின் டைம் கான்ஸ்டன்ட் (சாய்வு தணிய ஆகும் நேரத்தின் அளவு) ஏறக்குறைய 27 விநாடி, காத்திருந்து பயனில்லை. சிமுலேஷன் அமைப்புகள் உள்ள பவர்ஜியுஐ பிளாக்கில் தொடக்க நிலையை ஸ்டெடி ஸ்டேட்டுக்கு மாற்றி ஓட்டுங்கள்.

எஸ்சி டெஸ்டில் எல்.டி.யை ஷார்ட் செய்து எச்.டி.யில் 495 வோல்ட் கொடுங்கள். முழு 11 கே.வி.யைக் கொடுத்தால் கரண்ட் 22 மடங்கு ஏறும். 13.12 ஆம்பியர், 3000 வாட் வர வேண்டும். இங்கே தொடக்கச் சாய்வு 60 மில்லிவிநாடிக்குள் அடங்கும், 0.2 விநாடியில் ரீடிங் எடுக்கலாம். 3000-ஐ 3 × 13.12²-ஆல் வகுத்தால் 5.81 ஓம், இது ஸ்டார் சமான மதிப்பு. டெல்டா வைண்டிங்கின் ஒரு ஃபேஸுக்கு மூன்று மடங்கு, 17.4 ஓம். இந்த மூன்று மடங்கைத் தவறவிடுவோர்தான் அதிகம். மாடலுக்கு வெப்பம் தெரியாது, ஆகவே 75 டிகிரிக்குத் திருத்திய ரெசிஸ்டன்ஸையே உள்ளே போடுங்கள்.

மூன்று ஃபேஸிலும் நோ-லோடு கரண்ட் ஒன்றுபோல் வருவது மாடலின் எளிமை. நிஜ மூன்று-கால் கோரில் நடுக்கால் குறைவாக எடுக்கும். ஒப்பிடும்போது மூன்றின் சராசரியை வையுங்கள்.

இரு இழப்பும் கிடைத்ததும் 500/3000-இன் வர்க்கமூலம் 0.41: ஏறக்குறைய 102 கே.வி.ஏ. லோடில் திறன் உச்சம். தறி நிற்கும் நாளிலும் இரும்பு இழப்பு மட்டும் 12 யூனிட்.