செம்பருத்தி செடிக்குள்ள ஒரு டெய்லர் இருக்காரு, பாத்திருக்கீங்களா?

காலைல 6.30க்கு மொபைலை உள்ள வச்சிட்டு டீ டம்ளரோட செம்பருத்தி செடிக்கு ஒரு பத்தடி தள்ளி அசையாம உக்காருங்க, 10 நிமிஷம் போதும். உடம்புக்கு சம்பந்தமே இல்லாத பெரிய சத்தம் கேட்டா அது தையல்சிட்டு, வெயிட்டு 10 கிராம் தேறுனாலே பெருசு. அலகால இலை ஓரத்துல ஓட்டை போட்டு, சிலந்தி நூலு பஞ்சு எல்லாம் வச்சு இலைய சேத்து தைச்சு உள்ள கூடு கட்டுது, யாரு சொல்லிக்குடுத்தா அதுக்கு? கோயிலுக்கு எப்பவாவது போற ஆளு நான், அது தைக்கிறத பாத்த அன்னிக்கு தன்னால கையெடுத்து கும்பிட்டேங்க.

அதனால பால்கனி ஒட்டடைய முழுசா அடிக்காதீங்க (வீட்ல திட்டு விழும், பரவால்ல), கொஞ்சம் பஞ்ச கம்பில சொருகி வைங்க. கூடு தெரிஞ்சா மட்டும் கிட்ட போய் போட்டோ எடுக்காதீங்க, பயந்து விட்டுட்டு போயிடும் சில சமயம்.