பத்து வயதில் பிரியும் பாதை: ஐரோப்பியக் கல்வி பற்றி நாம் விடும் தவறுகள்

"ஜேர்மனியில் படிப்பு இலவசம், அதனால் ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை." ஊரில் இருந்து போன் எடுக்கும் சொந்தக்காரரும் இதைச் சொல்கிறார்கள், இங்கேயே முப்பது வருடம் இருந்தவர்களும் சொல்கிறார்கள். முதல் பாதி பெருமளவு சரி. இரண்டாம் பாதி பிழை. அதை நம்பிச் சும்மா இருந்துவிடுவதால் நட்டப்படுவது நம் பிள்ளைகள்.

2006ஐ ஒட்டி ஏழு மாநிலங்கள் பல்கலைக்கழக மாணவரிடம் அரையாண்டுக்கு 500 யூரோ வரை கட்டணம் வாங்கத் தொடங்கின. எதிர்ப்பு வலுத்ததால் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, 2014இல் கடைசி மாநிலமும் நிறுத்தியது. (ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் இதையும் கவனியுங்கள்: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் உங்களிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது.)

சரி, இங்கே வளர்ந்த பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் ஜேர்மன் உயர்கல்வி ஆய்வு மையம் 2018இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் 100 பேரில் 79 பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள். பெற்றோர் பட்டதாரிகளாக இல்லாத வீடுகளில் இருந்து 27 பேர். காசு கேட்காத வாசலில் இவ்வளவு இடைவெளி ஏன்? அந்த வாசலில் நின்று தேடினால் விடை கிடைக்காது. நாலாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

பெரும்பாலான ஜேர்மன் மாநிலங்களில் ஆரம்பப் பள்ளி நாலு வருடம்தான். பெர்லினிலும் பிராண்டன்பூர்க்கிலும் மட்டும் ஆறு. அதன் பிறகு பிள்ளைகள் வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பவேரியா மாநிலத்தில் டொச் (ஜேர்மன் மொழி), கணிதம், சுற்றாடல் என்ற மூன்று பாடங்களின் சராசரியைப் பார்க்கிறார்கள். இங்கே 1தான் சிறந்த புள்ளி, 6 மோசம். சராசரி 2.33க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியம். 2.66 வரை நடுத்தரப் பள்ளியான றியால்சூல. அதற்கு மேல் போனால், பெரும்பாலும் தொழில் பழகும் வழிக்குக் கொண்டுபோகும் மிட்டல்சூல.

கையால் கூட்டிப் பாருங்கள். டொச்சில் 3, மற்ற இரண்டிலும் 2 எடுத்த பிள்ளைக்குச் சராசரி 2.33. கிம்னாசியம். பக்கத்து மேசைப் பிள்ளை கணிதத்திலும் 3 வாங்கிவிட்டது. சராசரி 2.66. றியால்சூல. ஒரு பாடத்தில் ஒரே ஒரு புள்ளி. பத்து வயதுப் பிள்ளையின் அந்தப் புள்ளியில் வீட்டில் இருக்கும் புத்தகம், அம்மாவின் டொச், மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பது எல்லாம் கலந்திருக்கிறது. மாலை வேலைக்குப் போகும் தாய்க்கு அதற்கு நேரம் எங்கே? வாசிப்புத் திறனில் சமமாக இருக்கும் இரண்டு பிள்ளைகளில், படித்த வீட்டுப் பிள்ளைக்கே ஆசிரியர் கிம்னாசியம் பரிந்துரைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் இந்த நாட்டு ஆய்வுகளே பலமுறை காட்டியிருக்கின்றன.

இந்த இடத்தில் நம்மவர்கள் விடும் பெரிய தவறு மௌனம். "டீச்சருக்குத் தெரியாததா?" என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். ஊரில் அது மரியாதை. இங்கே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பவேரியாவில் சராசரி போதாவிட்டாலும் கிம்னாசியத்தில் பதிந்து மூன்று நாள் சோதனை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பலாம். டொச்சிலும் கணிதத்திலும் 4, 4 வந்தால்கூட முடிவு பெற்றோர் கையில். நோர்ட்றைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தில் ஆசிரியரின் பரிந்துரை பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. ஒரு மாநிலத்தில் மாமி சொன்ன அறிவுரை மற்ற மாநிலத்துக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அப்புறம், கிம்னாசியம் கிடைக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைக்கு முன்னால் அழுவதும் தவறு. றியால்சூல முடித்து, மேல்நிலைத் தொழிற்பள்ளி வழியாகவும் உயர்கல்விக்குப் போகலாம். சம்பளத்தோடு தொழில் பழகும் வழியும் நல்ல வழி. ஆனால் "பின்கதவு திறந்துதான் இருக்கிறது" என்று சொல்லி, பத்து வயதில் பிரிப்பதை நியாயப்படுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சுற்றுவழியில் போகும் பிள்ளைக்கு வழி சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் எல்லா வீட்டிலும் இல்லை.

பின்லாந்து என்றதும் "பரீட்சையே இல்லாத நாடு" என்கிறோம். மேல்நிலைப் பள்ளி முடிவில் அங்கே தேசியப் பரீட்சை இருக்கிறது. 2020 முதல் பல்கலைக்கழக இடங்களில் பாதிக்கு மேல் அதன் புள்ளிகளைப் பார்த்தே கொடுக்கிறார்கள். அந்த நாடு செய்த பெரிய காரியம் வேறு. முன்பு பதினொரு வயதளவில் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977க்குள் தெற்குவரை, பதினாறு வயதுவரை எல்லாரும் ஒரே பள்ளி என்று மாற்றினார்கள். அதற்குள் மிஞ்சியிருந்த கணித, மொழித் தரப்பிரிவுகளையும் 1985இல் எடுத்துவிட்டார்கள். 1948 முதல் மதியச் சாப்பாடும் இலவசம். இதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுப்பாடத்தைக் குறைப்பதை மட்டும் பின்பற்றி என்ன பயன்? அங்கேயும் 2006க்குப் பிறகு, பல நாட்டு மாணவரின் திறனை ஒப்பிடும் பீசா சோதனையின் புள்ளிகள் இறங்கிவருகின்றன. குடியேறியோரின் பிள்ளைகள் மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிழை இரண்டு பக்கமும் நடக்கிறது. 2012இல் ஆண்டுக் கட்டணம் 9000 பவுண் வரை ஏறியது, 2025இல் 9535. "இவ்வளவு கடனா, வேண்டாம் பிள்ளை" என்று மகளைத் தடுக்கும் பெற்றோர், அது வங்கிக் கடன் மாதிரி இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. 2023 இலையுதிர் காலம் முதல் சேர்ந்தவர்களுக்கான விதியில், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 வீதம் பிடிப்பார்கள். நாற்பது வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. மறுபக்கம், கட்டணம் ஏறியும் ஏழைப் பகுதிகளின் பதினெட்டு வயதினர் சேர்வது குறையவில்லை, அதனால் பாதிப்பில்லை என்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரம் படித்த பெரியவர்களின் தொகை 2012க்குப் பிறகு பலமாகச் சரிந்ததை அந்தக் கணக்கு காட்டாது. 2016இல் ஏழை மாணவருக்கான வாழ்க்கைச் செலவு உதவித்தொகையைக் கடனாக மாற்றியதில், அதிகக் கடனோடு வெளியே வருபவர் ஏழை வீட்டுப் பிள்ளைதான் என்று ஆகிவிட்டது.

சுவீடனில் 1992 முதல் அரசு பணத்தில் தனியார் பள்ளி. இப்போது கட்டணம் வாங்கத் தடை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல பள்ளிகள் வரிசைப்படி இடம் கொடுக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் பிள்ளை பிறந்த கையோடு பெயர் பதிகிறார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது நாட்டுக்குள் வந்த குடும்பம் வரிசையின் வாலில்.

ஜேர்மனி கொஞ்சம் திருந்தப் பார்க்கிறது. எல்லாப் பள்ளிக்கும் சம பணம் கொடுத்தால் அதுவே சமத்துவம் என்ற பழைய எண்ணத்தை விட்டு, 2024 ஓகஸ்டில் வசதி குறைந்த பகுதிகளின் சுமார் 4000 பள்ளிகளுக்குப் பத்து வருடத்தில் 20 பில்லியன் யூரோ என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். நாலாம் வகுப்பில் பிரிப்பதை மட்டும் தொடவில்லை.

ஆகவே பவேரியாவில் இருப்பவர்கள் நாட்களைக் குறித்து வையுங்கள். நாலாம் வகுப்பு ஜனவரியில் புள்ளி நிலவரக் கடிதம் வரும். மே தொடக்கத்தில், எந்தப் பள்ளிக்குத் தகுதி என்று சொல்லும் மாற்றுச் சான்றிதழ். பதிவும் சோதனை வகுப்பும் அதே மாதத்தில் முடிந்துவிடும். ஜனவரிக் கடிதம் வந்த கிழமையே ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். டொச் தடுமாறினால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். "2.33க்கு எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைகிறது?" என்று நேராகக் கேளுங்கள்.