டேனரி ஊர்ப்பக்கத்துக் காளானில் உலோகம்: மாதிரி எடுப்பதும் அறிக்கை படிப்பதும்

இடி மழைக்குப் பிறகு புற்றுக் காளான் தேடும்போது, விஷக் காளானா என்று பார்க்கிற கண் அது முளைத்த மண்ணையும் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர் ஓடிய ஓடை, கசடு கொட்டிய இடம், அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம், பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய இடம், நெடுஞ்சாலை ஓரம், இங்கெல்லாம் பறிக்கவே வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. சாலையோர மேல்மண்ணில் படிந்த ஈயம் அங்கேயேதான் கிடக்கிறது. வெந்நீரில் போட்டு வடித்தாலும் உலோகத்தில் ஒரு பகுதிதான் இறங்கும். கூடப் போட்டு வேகவைத்த வெள்ளிக் காசு கறுக்கவில்லை என்று நம்புவது விஷத்துக்கும் உதவாது, காட்மியம் போன்ற நச்சு உலோகத்துக்கும் உதவாது.

இடம் சந்தேகமாக இருந்தால் சோதனைக்கு அனுப்புங்கள். ஒரே இடத்தில், ஒரே வகையில் எட்டுப் பத்துக் காளான், 300 கிராமுக்குக் குறையாமல். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் காய்ந்தால் 30 கிராம்தான் மிஞ்சும். பாலித்தீன் பையில் வியர்த்து அழுகிவிடும். காகிதப் பை போதும். அதே இடத்து மேல்மண்ணை 10 செ.மீ. ஆழம் வரை ஐந்து இடங்களில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ தனியே வையுங்கள்.

சோதனை பெரும்பாலும் கெடுவது சுத்தம் செய்கையில்தான். காளான் காட்மியத்தையும் பாதரசத்தையும் இழுத்துச் சேர்க்கும். குரோமியத்தை அவ்வளவாக உள்ளே விடாது. ஆனால் டேனரிக் கழிவு கலந்த மண்ணில் குரோமியம் மிகுதி. குடையின் அடிமடிப்பில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணே அறிக்கையில் வரும் குரோமிய அளவை ஏற்றிவிடும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி, தண்டின் அடியை மூங்கில் கத்தியால் சீவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குரோமியம் இருக்கலாம். எவர்சில்வர் கத்தி, மிக்ஸி பிளேடு இரண்டிலும் குரோமியமும் நிக்கலும் உண்டு. பொடிப்பதைப் பீங்கான் கல்வத்தில் செய்யுங்கள். குடையையும் தண்டையும் பிரித்து, 60 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். சூடு கூடினால் பாதரசம் பறந்துவிடும். மொட்டை மாடியில் காயப்போட்டால் தெருத்தூசியும் சேரும்.

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக், குரோமியத்தோடு அலுமினியம், டைட்டானியத்தையும் கேளுங்கள். குரோமியத்தோடு இந்த இரண்டும் ஏறியிருந்தால், அளந்ததில் பெரும்பகுதி மண். வீட்டில் சரியாகக் கழுவாமல் சமைத்தால் வயிற்றுக்குப் போவதும் அதே மண்தான்.

அறிக்கை உலர் எடைக்கா, பச்சை எடைக்கா என்று கட்டாயம் கேளுங்கள். உலர் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. காட்மியம் என்றால், பச்சையில் ஏறக்குறைய 1 மி.கி. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வும் கூட்டிய நிபுணர் குழு 2010-இல் காட்மியத்துக்கு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 50 கிலோ ஆளுக்கு மாதம் 1.25 மி.கி. அந்தக் காளான் கால் கிலோ சாப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு ஒரே வேளையில் போய்விடும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 கிராமே கால் பங்கைத் தாண்டும். அன்றாடம் சாப்பிடும் அரிசியிலும் கீரையிலும் வருகிற காட்மியம் இந்தக் கணக்கில் சேரவில்லை.