புதிய கிளையன்ட் தேடும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் வேலை இருக்கும்போது கிளையன்ட் தேடுகிறவர்கள் குறைவு. கடைசிக் கட்டுரையை அனுப்பிவிட்டு, அடுத்து எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பலர் மெயில் எழுதவே உட்காருகிறார்கள். என் கணிப்பில் மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒருவர் பதில் போட்டு, பேசி, தொகை முடிவாகி, எழுதிக் கொடுத்து, பணம் கைக்கு வர மாதங்கள்கூட ஆகலாம். இன்வாய்ஸ் அனுப்பி 30 நாள், 45 நாள் கழித்துப் பணம் தருவது பல நிறுவனங்களில் வழக்கம். அந்த நெருக்கடியில் தேடினால் கிடைத்த தொகைக்குத் தலையாட்டத்தான் தோன்றும். வேலை நிரம்பி வழிகிற வாரத்திலும் தேடுவதற்கென்று ஓரிரு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது, ஒரே மெயிலைப் பெயர் மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்புவது. “நான் அனுபவமுள்ள எழுத்தாளர், எந்தத் தலைப்பிலும் எழுதுவேன்” என்ற மெயிலைப் படிப்பவருக்கு அதில் தனக்கென்று எதுவும் இருக்காது. கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “போன மாதம் சேர்த்த புதிய வசதியைப் பற்றி உங்கள் தளத்தில் ஓர் அறிவிப்பு மட்டும்தான் இருக்கிறது. சிறு வியாபாரி அதை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாக ஒரு கட்டுரை எழுதித் தரட்டுமா?” இப்படிக் கேட்டால், அவர்கள் தளத்தை உண்மையிலேயே பார்த்திருக்கிறீர்கள் என்பது புரியும். மெயிலும் ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். அதைப் பொது முகவரிக்கு அனுப்பாதீர்கள். மார்க்கெட்டிங் அல்லது கன்டென்ட் பொறுப்பில் இருப்பவர் யார் என்று லிங்க்ட்இன்னில் பார்த்து, அவருக்கே எழுதுங்கள்.

பத்திரிகைக்கு எழுதும்போது இந்தத் தவறு வேறு வடிவத்தில் வரும். “சூரிய மின்சாரம் பற்றி எழுதட்டுமா?” என்பது வெறும் தலைப்பு. வாடகை வீட்டில் இருப்பவர் கூரையில் பேனல் வைக்க என்ன தடை, அதைச் சிலர் எப்படித் தாண்டினார்கள், யாரிடம் பேசப்போகிறீர்கள் என்றெல்லாம் சொன்னால்தான் ஆசிரியரால் முடிவெடுக்க முடியும்.

பதில் வரவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மெயில் கீழே போயிருக்கலாம், அந்த வாரம் அவருக்கு நேரம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகும் ஒருமுறை கேட்கலாம். அப்புறம் விட்டுவிடுங்கள்.

ஃப்ரீலான்ஸ் வேலைகள் கிடைக்கும் அப்வொர்க் தளத்தில், ஒரு வேலைக்கு ப்ரொபோசல் (விண்ணப்பம்) அனுப்பவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் செலவாகும். ஆனாலும் கிளையன்ட்டின் பக்கத்தைப் பார்க்காமல் பலர் விண்ணப்பிக்கிறார்கள். பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டதா, இதற்கு முன் எத்தனை பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார், அவர்கள் என்ன மதிப்புரை எழுதினார்கள் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும்.

மாதிரிகள் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இருபது ஃபைல் கொண்ட கூகுள் டிரைவ் இணைப்பை அனுப்பினால் யாரும் பொறுமையாகத் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்தத் துறைக்குப் பொருந்துகிற இரண்டு மூன்று போதும், அனுமதி கேட்காமல் திறக்கிறதா என்று சோதித்துவிட்டு அனுப்புங்கள். நீங்கள் எழுதி வேறொருவர் பெயரில் வந்த எழுத்தைக் காட்டுவதற்கு முன் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். வெளியான எழுத்தே இல்லையா? சரி, அந்தத் துறையில் நீங்களாகவே இரண்டு கட்டுரை எழுதி வையுங்கள்.

புதியவர்களைத் தேடும் மும்முரத்தில் பழைய கிளையன்ட்டை மறப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உங்கள் வேலையை ஏற்கெனவே அறிந்தவர் அவர். எழுதியதைப் பாராட்டி மெயில் வந்த அன்றே, “இதுபோல் எழுத்து தேவைப்படுகிறவர் யாராவது தெரிந்தால் என்னை அறிமுகப்படுத்துவீர்களா?” என்று கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆர்வமாகப் பேசும் புது ஆள் முழுக் கட்டுரையை இலவசமாக எழுதிக் காட்டச் சொன்னால், கட்டணத்துடன் ஒரு சிறிய சோதனை வேலை செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் அடுத்தவருக்கு மெயில் எழுதத் தொடங்கிவிடுங்கள்.